‘புரிஞ்சுது சார்’ என்கிற பதில்

மதுரை,
18.9.2024

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. காலையில் மொட்டை மாடியில் நாலு சுற்று நடக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனதைவிட்டுப் போகவே இல்லை. “சுவத்தோட பேசுற மாதிரி இருக்கு அக்கா. 58 பேர் உக்காந்திருக்காங்க, ஒருத்தர் கண்ணுலயும் ஒண்ணுமே இல்ல. எனக்கே கிளாசுக்குப் போகப் பிடிக்கல” என்றாய். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் திக்கென்று இருந்தது. சம்பளம் எந்த மாதம் வரும் என்று தெரியாமல் கௌரவ விரிவுரையாளராக எட்டு வருஷம் ஓடினாய். அப்போதுகூட ஒரு நாளும் நீ இப்படிச் சொன்னதில்லை. நிரந்தர வேலை கிடைத்து இரண்டாம் வருஷம்தான் நடக்கிறது, அதற்குள் இந்தச் சலிப்பு உன்னைத் தொடக்கூடாது. அன்று ஏதோ ஆறுதல் சொல்லி போனை வைத்துவிட்டேன். ஆறுதலால் வகுப்பு மாறாது. 31 வருஷம் இயற்பியல் நடத்தியவள் என்கிற உரிமையில், எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன். நிதானமாகப் படி.

வகுப்பு நம் கையைவிட்டுப் போவது சத்தமாக நடப்பதில்லை. கூச்சல் போடுகிற வகுப்பில் உயிர் இருக்கிறது, அதைத் திருப்பிவிடலாம். அமைதியான வகுப்புதான் ஆசிரியரை ஏமாற்றும். 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள் என்பதால் வருகைப் பதிவேடு நிரம்பித்தான் இருக்கும். அதை வைத்து எதையும் கணிக்காதே. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் “புரிஞ்சுது சார்” என்று ஒரே குரலில் வரும். அதையும் நம்பாதே. அந்தக் கேள்விக்கு அவர்களுக்குத் தெரிந்த மரியாதையான பதில் அது ஒன்றுதான்.

நான் பார்க்கப் பழகிய அடையாளங்கள் வேறு. நீ விளக்கும்போது பேனாக்கள் சும்மா கிடந்து, “எழுதிக்கோங்க” என்றதும் மட்டும் எல்லாம் ஒன்றாக அசைகிறதா? பதில் சொல்கிறவர்கள் எப்போதும் அதே முதல் பெஞ்ச் நாலு பேர்தானா? இன்டர்னல் விடைத்தாள்களில் நாற்பது பேர் ஒரே வாக்கியத்தை, கைடில் இருக்கிற அச்சுப்பிழையோடு சேர்த்து எழுதியிருக்கிறார்களா? மணியடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே பை ஜிப் இழுக்கிற சத்தம் கேட்கிறதா? இவை எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. ஒரு வாரமாக உன் வகுப்பில் யாராவது தப்பான பதில் சொன்னார்களா? தப்பாகக்கூட ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றால், அந்த வகுப்பு உன்னைவிட்டு எப்போதோ விலகிவிட்டது.

நீ நடத்துவதோ அலைட் பேப்பர். கணித மேஜர் பிள்ளைகளுக்கு இயற்பியல். இப்போது பாடத்திட்டத்தில் பெயர் மாறினாலும் அவர்கள் மனதில் அது அலைட்தான். பாஸானால் போதும் என்கிற பேப்பர்தான். உனக்குப் பிரியமான பாடம் அவர்களுக்கு வேறொரு டிபார்ட்மென்ட்டின் வேலை. இதில் உன் மனசு நோகும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் நொந்திருக்கிறது. அந்த நோவில் நான் செய்த ஒரு தவறை நீ செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த மூன்றாவது வருஷம். அதேபோல ஒரு அலைட் வகுப்பு, அதேபோல ஒரு மௌனம். என்னை மதிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். “கவனிக்காதவங்களுக்கு இன்டர்னல்ல கை வைப்பேன்” என்று சொன்னேன். சொன்னபடி செய்யவும் செய்தேன். 25 மதிப்பெண் என் கையில் இருந்தது. மறுநாளிலிருந்து எல்லாத் தலையும் நிமிர்ந்து கரும்பலகையைப் பார்த்தன. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அந்த செமஸ்டர் முடிவு வந்தபோது பாதிப் பேருக்கு மேல் அரியர். பயத்தால் தலையை நிமிர்த்த முடிந்தது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளில் சிலர் கட்டிய அரியர் ஃபீஸ் அவர்கள் வீட்டில் ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு. அதை இன்றுவரை நான் மறக்கவில்லை.

அடுத்த வருஷம் புது பேட்ச். பழைய விடைத்தாள்களின் எழுதாத பக்கங்களைக் கிழித்து, நாலாக மடித்து வெட்டி, ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முடியும் முன் ஆளுக்கொன்று கொடுத்தேன். “பேர் எழுத வேண்டாம். தமிழ்லயே எழுதலாம். இந்த வாரம் நடத்தினதுல எது புரியல? ஒரே வரி போதும்” என்றேன். சுற்று இயக்கம் நடத்தத் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து பிரித்தேன். பாதிக்கு மேல் ‘எல்லாம் புரிந்தது’. சில வெற்றுச் சீட்டுகள். ஒரு சீட்டில் மட்டும் பென்சிலால், அழுத்தி அழித்துத் திரும்ப எழுதியிருந்தது: ‘மொமண்ட், மொமண்டம் ரெண்டும் ஒண்ணா மேடம்?’

தம்பி, அந்த ஒரு வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல முடியாது. மொமண்ட் ஆஃப் இனர்ஷியா, ஆங்குலர் மொமண்டம் என்று மூன்று வாரமாக மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ப்ளஸ் டூ வரை தமிழ்வழி. அவர்கள் காதில் இரண்டும் ஒரே சொல்லாக விழுந்திருக்கிறது. முதல் நாளே அங்கே வழுக்கிவிட்டார்கள். அதற்குமேல் நான் சொன்ன எதுவும் அவர்களிடம் போய்ச் சேரவில்லை.

திங்கட்கிழமை போனதும் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். மொமண்டம் என்றால் உந்தம். மொமண்ட் என்றால் திருப்புத்திறன். மொமண்ட் ஆஃப் இனர்ஷியா என்றால் நிலைமத் திருப்புத்திறன். ஆங்குலர் மொமண்டம் என்றால் கோண உந்தம். எழுதி முடிப்பதற்குள் பின்னால் ஒரு சலசலப்பு. கடைசி பெஞ்சில், அதுவரை குரலே கேட்டிராத ஒரு பையன், “மேடம், இது உந்தமா? உந்தம்னா எனக்குத் தெரியும்” என்றான். சொல்லச் சொன்னேன். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கி, ஒரு லாரியும் சைக்கிளும் ஒரே வேகத்தில் வந்தால் எதை நிறுத்துவது கஷ்டம் என்பது வரைக்கும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். தனக்குத் தெரிந்த விஷயத்தின் முன்னாலேயே மூன்று வாரம் ஊமையாக உட்கார்ந்திருந்திருக்கிறான் அந்தப் பிள்ளை. அவனுக்கு ஆர்வமில்லை என்று நான் ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத் தெளிந்ததுதான் இன்றைக்கும் உனக்கு நான் சொல்ல வந்தது. ‘பசங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்லை’ என்பது நமக்கு வசதியான காரணம். அதைச் சொல்லிவிட்டால் தேடுகிற வேலை நின்றுபோகிறது. மௌனத்தை உனக்கு நேர்ந்த அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாதே. அதற்குள் ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் வேலையின் பாதி.

அமெரிக்காவில் யூரி ட்ரைஸ்மன் என்று ஒரு கணித ஆசிரியர். 1970-களில் பெர்க்லியில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், கால்குலஸ் வகுப்பில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகமாகத் தோற்கிறார்கள் என்று தேடினார். சக ஆசிரியர்களைக் கேட்டால் ஊக்கம் இல்லை, அடிப்படை இல்லை, வீட்டில் ஆதரவு இல்லை என்றார்கள். அவர் அதோடு நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் 20 பேர், நன்றாகப் படித்த சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேர். இவர்கள் பின்னாலேயே போய், எங்கே, எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணம் எதுவுமே நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் மணிக்கணக்காகப் படித்தார்கள், ஆனால் தன்னந்தனியாக. தன் விடை தப்பா, கணக்கே கடினமா என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஆளில்லை. மற்றவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் விடையை இன்னொருவர் திருத்திக்கொண்டு படித்தார்கள். பிறகு அவர் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்காரவைத்தார். தோற்ற இடத்திலேயே அந்தப் பிள்ளைகள் முன்னுக்கு வந்தார்கள். அவர் அவர்களுக்கு எளிய பாடம் கொடுக்கவில்லை என்பதைக் கவனி. ‘இவங்களுக்கு இவ்வளவு போதும்’ என்று பாடத்தைக் குறைப்பது உதவி ஆகாது.

உன் வகுப்பில் இதை எப்படிச் செய்வது என்று யோசித்தேன். உன் பிள்ளைகளில் பெரும்பாலோர் டவுன் பஸ்ஸில் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். மாலையில் தங்கிப் படியுங்கள் என்றால் பஸ் போய்விடும். அதனால் ஒரே பஸ்ஸில் வருகிறவர்களை ஒரு குழுவாகப் போடு. நாலைந்து பேர், வாரம் ஒரு கணக்கு, கொஞ்சம் கடினமானதாகவே கொடு. பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிற அரை மணி நேரமும் பஸ்ஸில் வருகிற முக்கால் மணி நேரமும் அவர்களுக்கு வகுப்பாகும். நான் கடைசி ஆறு வருஷம் இப்படித்தான் செய்தேன். ‘ஏழாம் நம்பர் பஸ் குரூப்’ என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

வகுப்புக்குள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. பதினைந்து நிமிஷம் நடத்தியதும் நிறுத்து. ஒரு கேள்வி போடு. கணக்குப் போடுகிற கேள்வி வேண்டாம், யோசிக்கிற கேள்வியாக இருக்கட்டும். ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990-களின் தொடக்கத்திலிருந்து செய்கிற முறை இது. பெரிய கணக்குகளைப் போட்டுவிடுகிற தன் மாணவர்கள் அடிப்படைக் கேள்வியில் தடுமாறுவதைப் பார்த்துத்தான் அவர் இதற்கு வந்தார். நான் எப்போதும் கேட்பது இது: ஒரு பந்தை நேர் மேலே எறிகிறோம். உச்சியில் அது ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? ஒன்று, பூஜ்யம். இரண்டு, கீழ்நோக்கி 9.8. மூன்று, மேல்நோக்கி 9.8. நெஞ்சுக்கு நேரே விரலைக் காட்டச் சொல். பக்கத்தில் இருப்பவர் பார்க்காமல் காட்டட்டும். பெரும்பாலும் ஒற்றை விரல்தான் நிற்கும். சரியா தப்பா என்று நீ சொல்லாதே. பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிஷம் பேசச் சொல். தமிழிலேயே பேசட்டும்.

ஒரு தடவை இரண்டு பையன்கள் பேசியது என் காதில் விழுந்தது. “நின்னுடுச்சுல்ல, அப்ப முடுக்கமும் நின்னுடணும்” என்றான் ஒருவன். “முடுக்கமும் நின்னுட்டா அப்புறம் எதுக்குடா கீழ வருது? அங்கயே நிக்கணும்ல?” என்றான் மற்றவன். 31 வருஷத்தில் நான் இதைவிட நன்றாக ஒரு நாளும் விளக்கியதில்லை. திரும்ப விரல் காட்டச் சொன்னபோது அறை முழுவதும் இரட்டை விரல். அந்த இரண்டு நிமிஷச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் துறைத் தலைவர் வாசலில் வந்து நின்றார், “என்ன மேடம், கிளாஸ் இப்படி இருக்கு?” என்று. உனக்கும் அப்படி யாராவது வந்து நிற்பார்கள். உள்ளே கூப்பிட்டு ஒரு பெஞ்சில் உட்காரவை. அவரே கேட்கட்டும்.

கேள்வி கேட்டபின் காத்திருக்கக் கற்றுக்கொள். மேரி பட் ரோ என்ற அம்மையார் 1970-களில் பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். உடனே தாங்களே பேசிவிட்டார்கள். மூன்று விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். உன் பிள்ளைகள் கேள்வியை ஆங்கிலத்தில் வாங்கி, தமிழில் யோசித்து, திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டியவர்கள். மூன்று விநாடிகூட அவர்களுக்குக் குறைவு. மனசுக்குள் பத்து வரை எண்ணு. அந்த அமைதி முதலில் உன்னைத்தான் சங்கடப்படுத்தும். பொறுத்துக்கொள்.

மொபைலைப் பற்றி மிகவும் குறைப்பட்டாய். ஃபைபாக்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. ஜெர்மனியில் ஆகன் பல்கலைக்கழகத்தில் செய்தது, இலவசம். போனில் இருக்கிற உணரிகளை ஆய்வுக்கூடக் கருவிகளாக மாற்றிவிடும். அதில் ஒலியால் இயங்குகிற நிறுத்து கடிகாரம் ஒன்று உண்டு. ஒருமுறை என் வகுப்புப் பிள்ளைகளோடு வராந்தாவில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு போன்களை வைத்தோம். இந்தப் பக்கம் ஒருவன் கை தட்டினான், இரண்டு கடிகாரமும் ஓடத் தொடங்கின. அந்தப் பக்கம் ஒருத்தி தட்டினாள், இரண்டும் நின்றன. இரண்டு நேரங்களுக்கும் வித்தியாசம் 0.057 விநாடி. போக வர 20 மீட்டரை அதனால் வகுத்தால் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர். “புக்ல 331-னு இருக்கே மேடம், நமக்கு ஏன் கூட வருது?” என்று ஒரு பெண் கேட்டாள். புத்தகத்தில் இருப்பது பூஜ்யம் டிகிரிக்கு. நம் வராந்தாவில் அன்று 31 டிகிரி. வெப்பம் ஏற ஏற ஒலி வேகமாகப் போகும் என்பதை அன்று நான் நடத்தவில்லை. அவர்களே என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் தொடங்கினால் மூன்றாவது வாரம் ஒரு புகார் வரும்: “சார் பாடமே நடத்த மாட்டேங்கிறாரு, எங்களையே பேசச் சொல்றாரு.” மனம் தளராதே. ஹார்வர்டில் 2019-இல் இதையே ஆராய்ந்து வெளியிட்டார்கள். தாங்களே முயன்று கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் சொற்பொழிவு கேட்டவர்கள்தான் நிறையக் கற்றுக்கொண்டதாக நினைத்தார்கள். திக்கித் திணறிக் கற்பது கற்பதுபோலத் தோன்றாது. அதனால் முதல் நாளே அவர்களிடம் காரணத்தைச் சொல்லிவிடு. போர்ஷன் முடியாதே என்று நீ கவலைப்படுவாய். 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சொற்பொழிவு மட்டுமே நடந்த வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர்கள் கேள்வியும் பேச்சுமாகப் பங்கெடுத்த வகுப்புகளில் 21.8. போர்ஷனை முடிப்பது நீ. அதைத் தேர்வில் எழுத வேண்டியவர்கள் அவர்கள். அதனால் அரைப் பாடம் குறைந்தாலும், நடத்தியது அவர்களிடம் போய்ச் சேர்ந்ததா என்று பார்.

எல்லோரும் மாறிவிடுவார்கள் என்று நான் சொல்லமாட்டேன். இரவெல்லாம் கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டு வருகிறவன் முதல் மணி நேரத்தில் தூங்கத்தான் செய்வான். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்துவிட்ட பெண்ணுக்குப் பாடத்தில் மனம் நிற்காது. அவர்களை வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்காதே. வராந்தாவில் தனியாகப் பார்க்கும்போது, “என்னப்பா, வேலைக்குப் போறியா?” என்று ஒரு வார்த்தை கேள். உன்னால் தீர்க்க முடியாத கஷ்டமாக இருக்கலாம். தன்னை ஒரு வாத்தியார் கவனித்தார் என்பது அவர்களுக்குத் தெரிந்தால் போதும், அடுத்த வாரமும் வருவார்கள். வந்தால்தான் நாம் ஏதாவது செய்ய முடியும்.

நம் அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர் என்பது உனக்குத் தெரியும். நாம் கல்லூரிக்குப் போனபோது அங்கே நடந்தது எதையும் வீட்டில் கேட்டுத் தெளிய நமக்கு ஆளில்லை. உன் முன்னால் இருக்கிற 58 பேரில் பாதிப் பேருக்காவது அதே நிலைதான் இருக்கும். அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். வகுப்பில் கை தூக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். நீதான் சொல்லித் தர வேண்டும்.

இந்த வெள்ளிக்கிழமை 58 துண்டுச் சீட்டுகள் வெட்டி எடுத்துக்கொண்டு போ. கடைசி ஐந்து நிமிஷத்தை அதற்குக் கொடு. பெயர் வேண்டாம், தமிழில் எழுதலாம் என்று சொல். அன்று இரவே எல்லாவற்றையும் படி. திங்கட்கிழமை பாடத்தை அந்தச் சீட்டுகளுக்குப் பதிலோடு தொடங்கு; பதில் சொல்லாமல் விட்டால் அடுத்த வாரம் எல்லாம் வெற்றுச் சீட்டாகத்தான் வரும். முதல் வாரம் ‘எல்லாம் புரிந்தது’ என்றே 57 வந்தாலும் சோர்ந்துபோகாதே. மீதி ஒரு சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு எழுது. காத்திருப்பேன்.

குழந்தைக்கு என் முத்தங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா